சட்டிக் கொழுப்பும் சவ்வுக் கொழுப்பும்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாராம். அவருடைய பெரியம்மாவுக்கு மார்பில் புற்றுநோய், சத்திரசிகிச்சை முடிந்து இப்போது மருந்து ஏறுகிறது. "ஒன்கோஜீன், அதாவது புற்றுநோயைத் தூண்டும் கெட்ட பரம்பரையலகு, உள்ள கலங்களில் கொழுப்பு மூலக்கூறுகள் சமிக்ஞை கொடுத்துக் கட்டியை வளர்க்கின்றன என்று வாசித்தேன். அதை வீட்டில் சொன்னதும் பெரியம்மாவுக்குத் தேங்காய்ப்பால், எண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நான் வாசித்தது பிழையா? உண்மையில் அங்கே என்னதான் நடக்கிறது?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, நீங்கள் வாசித்தது சரி. வீட்டில் செய்ததுதான் பிழை. விளக்கம் நீளமாக வரும், ஆனால் இது மட்டும் காத்திருக்கக்கூடாது: இன்றைக்கே பெரியம்மாவின் சொதிக்குப் பாலை விடுங்கள். முட்டையைத் திரும்பக் கொடுங்கள். மருந்து ஏறும் காலத்தில் வாய் கசக்கும், பிரட்டும், இரண்டு பிடி சோறு இறங்குவதே பெரும்பாடு. அந்த இரண்டு பிடியிலும் சக்தியும் புரதமும் இல்லாவிட்டால் உடம்பு தன் தசையைத் தானே தின்னத் தொடங்கும், நிறை இறங்கினால் அடுத்த மருந்தைத் தாங்கும் சக்தியும் இறங்கும். சீனி வருத்தம், கொலஸ்திரோல் என்று வேறு காரணத்துக்காக வைத்தியர் ஏதாவது கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அது வேறு கதை. கட்டிக்குத் தீனி போடக்கூடாது என்பதற்காக நீங்களாக நிறுத்தியிருந்தால், கட்டிக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை, பெரியம்மாவுக்குத்தான் குறைந்திருக்கிறது.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம்.

கொழுப்பு என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது சட்டியில் மிதக்கும் எண்ணெய். அது பெரும்பாலும் மூகிளிசரைட்டு, உடம்புக்கு அது விறகு, சேமித்து வைத்து எரிப்பதற்கு. நீங்கள் வாசித்த கொழுப்பு அந்த இனம் அல்ல. ஒவ்வொரு கலத்தையும் சுற்றியுள்ள மென்சவ்வு பொசுபோஇலிப்பிட்டுகளால் ஆனது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சவ்வின் உட்பக்கத்தில் மிகச் சிறிய அளவில், சவ்வின் பொசுபோஇலிப்பிட்டுகளில் நூற்றில் ஒன்று அளவுக்கு, பிப்-2 என்று ஒரு விசேட இலிப்பிட்டு இருக்கிறது. அதன் தலையில் இனோசிற்றோல் என்ற ஆறு காபன் வளையம். அந்த வளையத்தின் 4ஆம், 5ஆம் இடங்களில் ஒவ்வொரு பொசுபேற்று. ஒரு நொதியம் வந்து 3ஆம் இடத்திலும் ஒரு பொசுபேற்றைப் பொருத்திவிட்டால் அதன் பெயர் பிப்-3. ஒரே ஒரு பொசுபேற்றுத்தான் வித்தியாசம், ஆனால் கலத்தைப் பொறுத்தவரை அது எழுத்து மூலமான கட்டளை: சாப்பாடு வந்திருக்கிறது, வளர், பிரி, சாகாதே.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆய்வுகூடத்தில் கலம் வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், பிப்-3 ஐ நாடி ஒட்டக்கூடிய ஒரு புரதத் துண்டோடு பச்சையாக ஒளிரும் புரதத்தைச் சேர்த்துக் கலங்களுக்குள் விட்டிருந்தோம். முதல் நாள் இரவு முழுக்க அந்தக் கலங்களைப் பட்டினி போடுவோம். காலையில் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு கலமும் உள்ளே முழுக்க ஒரே சீரான மங்கல் பச்சை. ஒரு துளி இன்சுலின் விட்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் நடுவில் இருந்த பச்சை வெளிறும், ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று எழும்பும், கலத்துக்கு யாரோ கரை கட்டிவிட்டது போல. இன்சுலினைக் கழுவி எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கோடு அழிந்து பச்சை திரும்பவும் உள்ளே பரவிவிடும். எத்தனை தரம் பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது. பிறகு புற்றுநோய்க் கலம் ஒன்றை, பீ-டென் என்ற புரதத்தை இழந்த கலத்தை, அதே மாதிரி இரவு முழுக்கப் பட்டினி போட்டு வைத்தோம். காலையில் இன்சுலின் விடுவதற்கு முதலே ஓரத்தில் கோடு இருந்தது. யாரும் சாப்பாடு கொடுக்கவில்லை, ஆனால் சாப்பாடு வந்துவிட்டது என்ற செய்தி சவ்வில் எழுதியபடியே கிடந்தது.

இந்தக் கடைசி வரிதான் முழுப் பதிலும், மிச்சம் எல்லாம் அதன் விரிவு. பிப்-3 நல்ல கலத்திலும் உண்டாகிறது. நீங்கள் ஒவ்வொரு தரமும் சோறு சாப்பிட்ட பிறகு உங்கள் தசையிலும் ஈரலிலும் அதே செய்தி எழுதப்படுகிறது, சிறிது நேரத்தில் அழிக்கப்படுகிறது. எழுதுகிற நொதியத்தின் பெயர் பி-ஐ-3 கைனேஸ். அழிக்கிறது பீ-டென், அந்த 3ஆம் இடத்துப் பொசுபேற்றைக் கழற்றி பிப்-3 ஐத் திரும்பவும் பிப்-2 ஆக்கிவிடும். வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதைவிடத் துருசை நேரத்துக்கு மூடினார்களா என்பதுதான் முக்கியம் என்று கமக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கதிர் முற்றுகிற நேரத்தில் துருசு திறந்தபடி கிடந்தால், அதே இரணைமடுக் குளத்துத் தண்ணீர்தான், பயிரைச் சாய்த்துவிடும்.

இந்த நொதியத்தைக் கண்டுபிடித்த கதையிலேயே புற்றுநோய் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் லூயிஸ் கான்ட்லியும் அவரோடு வேலை செய்தவர்களும், எலியில் கட்டிகளை உண்டாக்கும் ஒரு வைரசின் ஒன்கோஜீன் புரதத்தைப் பிரித்தெடுத்தபோது, அதோடு ஒட்டிக்கொண்டு ஏதோ ஒரு நொதியமும் கூடவே வருவதைக் கவனித்தார்கள். அது இலிப்பிட்டில் பொசுபேற்றைப் பொருத்தியது. அந்தக் காலத்தில் 4ஆம் இடத்தில் பொருத்தும் நொதியங்களைத்தான் எல்லோருக்கும் தெரியும், இதுவும் அதுதான் என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. பொசுபேற்று 3ஆம் இடத்தில் போகிறது என்று 1988 இல் காட்டினார்கள். பீ-டென் 1997 இல் அகப்பட்டது. புரதம் ஒன்றிலிருந்து பொசுபேற்றைக் கழற்றுகிற நொதியம் என்றுதான் முதலில் நினைத்தார்கள், அடுத்த வருடமே, இல்லை, அது கழற்றுவது பிப்-3 என்ற இலிப்பிட்டிலிருந்து என்று தெரியவந்தது. 2004 இல்தான் பெரிய செய்தி வந்தது: பி-ஐ-3 கைனேஸின் வேலை செய்யும் பகுதியை ஆக்கும் பரம்பரையலகு, பிக்-3-சி-ஏ என்பார்கள், மனிதப் புற்றுநோய்கள் பலவற்றில் விகாரமடைந்திருக்கிறது, அதாவது அதன் எழுத்து மாறிக் கெட்டிருக்கிறது. ஓமோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 என்ற வளரச் சொல்லும் புரதம் மிகையாக இல்லாத மார்புப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதில் இந்த விகாரம் இருக்கிறது. பெரியம்மாவுடையதும் அந்த வகையாக இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, ஒரு கலம் இந்தச் செய்தியில் இரண்டு விதமாகக் கெட்டுப்போகலாம். எழுதுகிறவர் கேட்காமலே எழுதிக்கொண்டிருக்கலாம், பிக்-3-சி-ஏ விகாரம் அதுதான். அல்லது அழிக்கிறவர் இல்லாமல் போகலாம், அது பீ-டென் இழப்பு. ராஸ் என்ற இன்னொரு பிரபலமான ஒன்கோஜீன் இருக்கிறதே, அதுவும் பி-ஐ-3 கைனேஸை நேரடியாகப் பிடித்து வேலை வாங்கும். பிப்-3 எழுந்ததும் ஏகேடி என்ற புரதம் சவ்வுக்கு ஓடிவந்து அதில் ஒட்டி விழித்துக்கொள்ளும். எனது பச்சைக் கோட்டில் ஒட்டியிருந்தது அந்த ஏகேடியின் ஒரு துண்டுதான். விழித்த ஏகேடி, கலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அடக்கும், குளுக்கோசைக் கூடுதலாக உள்ளே இழுக்கும், புரதம் ஆக்கும் வேலையை முடுக்கும்.

இன்னொன்றும் செய்யும், தேங்காய்ப்பாலை நிறுத்தினவர்கள் கேட்க வேண்டிய இடம் இதுதான். இந்தச் செய்தி ஓயாமல் ஓடுகிற கலம் தனக்குத் தேவையான கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்கும். குளுக்கோசிலிருந்து தயாரிக்கும். சாதாரணமாக எங்கள் உடம்பில் ஈரலும் கொழுப்பு இழையமும் செய்கிற வேலை அது, மற்றக் கலங்கள் இரத்தத்தில் வருவதை எடுத்துக்கொள்ளும். கட்டிக் கலங்கள் தாங்களே கொழுப்பமிலம் தொகுக்கின்றன என்று 1953 இலேயே கண்டுவிட்டார்கள். மார்புப் புற்றுநோய் உட்படப் பல கட்டிகளில் கொழுப்பமிலத் தொகுப்பு நொதியம் மிதமிஞ்சி இருக்கும். அதாவது நீங்கள் வீட்டில் தேங்காய் துருவுவதை நிறுத்தினாலும் அந்தக் கலம் சோற்றிலிருந்து தன் சவ்வைக் கட்டிக்கொள்ளும். சோற்றையும் நிறுத்தினால் உடம்பு தசையை உடைத்துக் குளுக்கோசு ஆக்கும். கட்டி அதையும் எடுக்கும். பட்டினியில் முதலில் தோற்பது பெரியம்மாதான்.

இனி, ஒன்கோஜீனும் இலிப்பிட்டுச் செய்தியும் சேர்ந்தால்தான் கட்டி என்பதற்கு நான் அறிந்ததிலேயே மிகத் தெளிவான சாட்சி ஒன்று. அது எங்கள் நாட்டு வைத்தியரின் பெட்டிக்குள் இருக்கிறது. நேர்வாளம். பேதிக்குக் கொடுக்கிற அந்த விதை. கை தேர்ந்தவர்கள் அதைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள், எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஊரில் ஒரு பரியாரியார் எனக்கு அந்த விதையைக் கடதாசியில் வைத்துக் காட்டினார், ஆமணக்கு விதை மாதிரி, கொஞ்சம் சின்னது, மங்கின மண்ணிறம். "கையால தொடாதை பிள்ளை" என்றுதான் நீட்டினார்.

1940களில் ஐசாக் பெரென்பிளம் போன்ற ஆய்வாளர்கள் இந்த எண்ணெயை எலியின் தோலில் பூசிப் பார்த்தார்கள். பூசினால் தோல் தடித்தது, அழன்றது, ஆனால் கட்டி அநேகமாக வரவில்லை. புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனம் ஒன்றைச் சிறு அளவில் ஒரே ஒரு தரம் பூசினாலும் வரவில்லை. அந்த இரசாயனத்தை ஒரு தரம் பூசி, பிறகு நேர்வாள எண்ணெயை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூசினால் கட்டிகள் முளைத்தன. ஒழுங்கை மாற்றி எண்ணெயை முதலில் பூசி இரசாயனத்தைப் பிறகு பூசினால் முளைக்கவில்லை. அதைவிட வியப்பு, இரசாயனத்தைப் பூசி மாதக்கணக்கில் சும்மா விட்டு அதன் பிறகு எண்ணெயைத் தொடங்கினாலும் முளைத்தன. ஏதோ ஒன்று அத்தனை நாளும் தோலுக்குள் அழியாமல் காத்துக் கிடந்தது. அது என்ன என்று 1980களில் தெரிந்தது: மேலே சொன்ன ராஸ் குடும்பத்தின் எச்-ராஸ் பரம்பரையலகில் ஒரு விகாரம். ஒன்கோஜீன் தோலுக்குள் மௌனமாக இருந்தது, எண்ணெய்தான் அதைக் கட்டியாக்கியது.

நேர்வாள எண்ணெயில் உள்ள போர்போல் எஸ்டர் என்ற பொருள் என்ன செய்கிறது? பிப்-2 ஐ வேறொரு நொதியம் வெட்டினால் இரண்டு துண்டு வரும், அதில் சவ்வோடு தங்கிவிடுகிற துண்டு டைஅசைல்கிளிசரோல், அதுவும் ஓர் இலிப்பிட்டுச் செய்தி. அது எழும்பினால் புரத கைனேஸ்-சி என்ற நொதியம் விழிக்கும். ஜப்பானில் யசுதோமி நிஷிசுகாவின் ஆய்வுகூடம் 1982 இல் காட்டியது இதுதான்: போர்போல் எஸ்டர் அந்த டைஅசைல்கிளிசரோல் போல வேடம் போட்டு அதே நொதியத்தில் போய் இருக்கிறது. உண்மையான டைஅசைல்கிளிசரோலைக் கலம் கொஞ்ச நேரத்திலேயே வேறொன்றாக மாற்றி அழித்துவிடும். போர்போலை அப்படி இலகுவில் அழிக்க முடியாது. மறுபடியும் அதே கதை, பாருங்கள். அழியாத செய்தி.

இதில் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய புத்தகங்களில் இது பிழையாகவே இருக்கிறது. புரத கைனேஸ்-சி விழிப்பதால்தான் புற்றுநோய் என்று முப்பது வருடம் நம்பி, அதை அடக்கும் மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. 2015 இல் அலெக்சாண்ட்ரா நியூட்டனின் குழு மனிதக் கட்டிகளில் உள்ள புரத கைனேஸ்-சி விகாரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. பெரும்பாலானவை நொதியத்தைக் கூட்டவில்லை, கெடுத்திருந்தன. போர்போலை நீண்ட நேரம் விட்டாலும் கடைசியில் அந்த நொதியம் சிதைந்து குறைந்துதான் போகிறது. ஆகவே நேர்வாள எண்ணெய் எந்த வழியால் கட்டியை வளர்க்கிறது என்ற கதை நாங்கள் படித்ததைவிடச் சிக்கலானது, டைஅசைல்கிளிசரோலைப் பார்த்து ராஸையே நேரடியாக முடுக்குகிற வேறு புரதங்களும் தோலில் உண்டு. உங்கள் ஆசிரியர் பழைய மாதிரிச் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம், ஆனால் கொப்பியின் ஓரத்தில் இதைக் குறித்து வையுங்கள்.

மூன்றாவது செய்தி உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம், பெயர் மட்டும் தெரியாது. காய்ச்சலிலும் வீக்கத்திலும் நோவிலும் உண்டாகிற புரொஸ்டாகிளாண்டின் ஈ2. சவ்விலிருந்து அரக்கிடோனிக்கமிலம் என்ற கொழுப்பமிலத்தை வெட்டி எடுத்து, கொக்ஸ் என்ற நொதியம் அதை இதாக மாற்றுகிறது. அஸ்பிரின் அந்த நொதியத்தைத்தான் முடக்குகிறது என்று ஜோன் வேன் 1971 இல் கண்டுபிடித்தார், 1982 இல் நோபல் பரிசு. குடல் புற்றுநோய்களில் கொக்ஸ்-2 மிதமிஞ்சி இருக்கிறது. இந்த மூலக்கூறு கலத்துக்கு வெளியே போய், பக்கத்துக் கலத்தின் ஏற்பியில் தட்டி, அங்கேயும் வளரச் சொல்லும், அதோடு கட்டியைத் தாக்க வருகிற நிர்ப்பீடனக் கலங்களின் கையையும் கட்டிவிடும். இதற்கும் ஓர் அழிப்பான் நொதியம் குடலின் உட்படையில் இருக்கிறது, குடல் புற்றுநோயில் அந்த நொதியம் காணாமல் போகிறது. நான் ஏன் அழிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது விளங்கும்.

இங்கே ஒன்கோஜீனின் பங்கு நோயாளிகளிலேயே நேரடியாகத் தெரிந்தது. நோர்டிக் நாடுகளில் குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களில், நான் மேலே சொன்ன பி-ஐ-3 கைனேஸ் பாதையில் விகாரம் உள்ளவர்களை மட்டும் தெரிந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 160 மில்லிகிராம் அஸ்பிரின், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை என்று மூன்று வருடம் கொடுத்தார்கள். 2025 இல் முடிவு வந்தது. முதன்மையாகப் பார்த்த விகாரங்கள் உள்ளவர்களில் மூன்று வருடத்தில் நோய் திரும்பியது அஸ்பிரின் எடுத்தோரில் 7.7 சதவீதம், எடுக்காதோரில் 14.1 சதவீதம். ஏறத்தாழப் பாதி. எவ்வளவு மலிவான குளிசை! இதை வாசித்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

ஆனால் தங்கச்சி, தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் பெரியம்மாவுக்கு அஸ்பிரின் வாங்கப் போகாதீர்கள். மார்புப் புற்றுநோய்க்கு நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2024 இல் வெளியானது, பலன் இல்லை. ஒரே இலிப்பிட்டு, ஒரே குளிசை, இழையம் மாறினால் விடை மாறுகிறது. அதோடு மருந்து ஏறும்போது இரத்தச் சிறுதட்டுகள் குறையும், எங்கள் பக்கம் மாரியோடு டெங்கும் வரும், இரண்டிலும் அஸ்பிரின் இரத்தப்போக்கைக் கொண்டுவந்துவிடும். வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்.

புரொஸ்டாகிளாண்டின் பற்றிக் கதைக்கும்போது வெற்றிலையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. எங்கள் ஊரில் வயல் வேலையும் வெற்றிலைப் பையும் பிரியாத சோடி. இலங்கை ஆண்களில் ஆகக் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய். பாக்குச் சாற்றை வாயின் தோற்கலங்களில் விட்டுத் தாய்வான் ஆய்வாளர்கள் பார்த்தபோது கொக்ஸ்-2 கூடியது, புரொஸ்டாகிளாண்டின் கூடியது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 2004 இல் வெளியிட்டது. பாக்கு பரம்பரையலகையும் கெடுக்கிறது, கெட்ட கலத்துக்கு வளரச் சொல்லும் கொழுப்புச் செய்தியையும் தானே ஊட்டுகிறது. எலியின் தோலில் இரண்டு போத்தலால் செய்ததை இது ஒரே வாயில் ஒரே சப்பில் செய்கிறது. வீட்டில் எதையாவது நிறுத்த வேண்டும் என்றால் தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு இதை நிறுத்துங்கள், பெரியப்பாவின் பையையும் சேர்த்து.

வேறும் இலிப்பிட்டுச் செய்திகள் இருக்கின்றன, விரிக்க வேண்டியதில்லை. லைசோபொசுபற்றிடிக்கமிலம் என்று ஒன்று, சூலகப் புற்றுநோயில் வயிற்றில் சேருகிற நீரில் நிறைய இருக்கும், கலங்களை நகரவும் பரவவும் தூண்டும். சிபிங்கோசின்-1-பொசுபேற்று என்று இன்னொன்று. ராஸ் புரதமேகூடச் சவ்வில் போய் நிற்பதற்குப் பதினைந்து காபன் நீளமுள்ள ஒரு கொழுப்பு வாலை மாட்டிக்கொள்கிறது, கொலஸ்திரோல் ஆகும் அதே வழியில் வருகிற வால் அது. அந்த வாலை வெட்டினால் ராஸ் விழுந்துவிடும் என்று மருந்து செய்தார்கள், கே-ராஸ் என்ற ராஸ் வகை வேறொரு வாலை மாட்டிக்கொண்டு தப்பிவிட்டது.

அப்போ சாப்பாட்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகும். ஆனால் அந்தத் தொடர்பு எந்த ஒன்கோஜீன் என்பதைப் பொறுத்துத் தலைகீழாக மாறுகிறது.

பி-ஐ-3 கைனேஸை அடக்கும் அல்பெலிசிப் என்ற மருந்து 2019 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பிக்-3-சி-ஏ விகாரம் உள்ள, பரவிய மார்புப் புற்றுநோய்க்கு. அது கட்டியில் உள்ள நொதியத்தை மட்டும் அடக்குவதில்லை, ஈரலிலும் தசையிலும் இன்சுலின் சொல்வதைக் கேட்கிற அதே நொதியத்தையும் அடக்கிவிடும். இரத்தத்தில் சீனி ஏறும், சதையி பயந்துபோய் இன்சுலினைக் கொட்டும், அந்த இன்சுலின் கட்டியில் போய்த் தட்டி மருந்து மூடிய கதவைத் திரும்பத் திறக்கும். 2018 இல் கான்ட்லியின் குழு எலிகளுக்கு மாச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தது. இன்சுலின் இறங்கியது, மருந்து நன்றாக வேலை செய்தது. கொழுப்பைக் கூட்டி! உங்கள் வீட்டில் செய்ததற்கு நேர் எதிர். ஆனால் அதே ஆய்வில், மருந்து இல்லாமல் அந்தச் சாப்பாட்டை மட்டும் கொடுத்தபோது ஒரு வகை இரத்தப் புற்றுநோய் எலிகளில் நோய் இன்னும் வேகமாகப் போனது.

பிறகு பி-ராஃப் என்ற ஒன்கோஜீன், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் உள்ளது. அந்த விகாரம் உள்ள மனிதக் கட்டியை எலியில் வைத்து, கொழுப்பு நிறைந்த சாப்பாடு கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது, ஏனென்றால் கொழுப்பு எரியும்போது ஈரலில் உண்டாகும் அசற்றோஅசற்றேற்று அந்த விகாரப் புரதத்தை நேராகவே உசுப்புகிறது. வேறு ஒன்கோஜீன் உள்ள கட்டிகளில் அப்படி நடக்கவில்லை. 2017 இல் வந்த ஆய்வு. 2021 இல் இன்னொன்று: எலிகளில் வாய்ப் புற்றுநோய்க் கலங்களும் மெலனோமாக் கலங்களும் பால்மிற்றிக்கமிலத்தைச் சாப்பிட்டால் பரவும் வல்லமை கூடுகிறது, ஒலேயிக்கமிலத்துக்கும் லினோலேயிக்கமிலத்துக்கும் அது நடக்கவில்லை. பால்மிற்றிக்கமிலம் பாம் எண்ணெயில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். எங்கள் தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக்கமிலம், பால்மிற்றிக்கமிலம் பத்துக்கும் குறைவு. இதெல்லாம் எலிகளில். எலியின் கூட்டில் வைக்கிற சாப்பாட்டை அப்படியே பெரியம்மாவின் கோப்பைக்கு மாற்ற முடியாது. மனிதரில் உறுதியாகத் தெரிந்தது ஒன்று: மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு பருத்தால் மார்புப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது, கொழுப்பு இழையம் ஈஸ்திரஜன் ஆக்குவதும் இன்சுலின் உயர்ந்து கிடப்பதும் அதற்குக் காரணங்கள். அது வருடக்கணக்கில் சேரும் நிறையைப் பற்றியது. மருந்து ஏறி மெலிந்துகொண்டிருப்பவரின் சொதியைப் பற்றியது அல்ல.

இனிச் செய்ய வேண்டியது. பெரியம்மாவின் கிளினிக் கொப்பியோடு ஓர் இழைய அறிக்கை இருக்கும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் காட்டினாலும் மகரகமவில் காட்டினாலும் அதில் ஈ.ஆர், பி.ஆர் (ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன்களின் ஏற்பிகள்), ஹெர்-2 என்று மூன்று வரி இருக்க வேண்டும், பக்கத்தில் பொசிட்டிவ் அல்லது நெகட்டிவ். அந்த மூன்றும்தான் அவருடைய கட்டி எந்தச் செய்தியைக் கேட்டு வளர்கிறது என்பதற்கு இப்போதைக்கு உங்கள் கையில் உள்ள தடயம். சிகிச்சையும் அதை வைத்துத்தான் போகும், அது ஓமோன் குளிசையாக இருக்கலாம், ஹெர்-2 மருந்தாக இருக்கலாம். பிக்-3-சி-ஏ சோதனை பரவிய நோய்க்குத்தான் பெரும்பாலும் தேவைப்படும், இப்போது அதற்காக அலைய வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது நிறையை எழுதிக்கொண்டு போங்கள், போன தடவை எத்தனை கிலோ, இப்போது எத்தனை கிலோ என்று. வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்: "இவவுக்குச் சாப்பாட்டில் ஏதாவது விலக்கு உண்டா?" பதிலை பெரியம்மாவின் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள், வீட்டிலிருந்து ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் படிக்கிற பிள்ளை, நீங்கள் சொல்லித்தான் நிறுத்தினார்கள் என்று உங்களுக்கு மனம் குத்தும், எனக்குத் தெரிகிறது. நீங்கள் கேட்டபடியால்தான் அது திரும்பவும் கோப்பைக்கு வரப்போகிறது.

முட்டையை நன்றாக அவித்துக் கொடுங்கள், அரைவேக்காடு வேண்டாம், வெண்கலங்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமி தொற்றிவிடும். சொதிக்கு முதற்பால். வாய்ப்புண் இருந்தால் மிளகாய் போடாமல், கொஞ்சம் ஆறவிட்டு. அறிக்கையில் விளங்காத வரி இருந்தால் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், இருந்து வாசித்துச் சொல்கிறேன்.